பழைய வால்வுப் பெட்டிக்கு மறுவாழ்வு

கிதார் இசைக்கு வலுவூட்டும் வால்வு ஆம்ப்ளிபயர்களுள் பெயர் பெற்ற ஒன்று, அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டீலக்ஸ் ரிவெர்ப்’. இதில் ஒன்பது வால்வுகளும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் உண்டு. ஆற்றல் ஏறத்தாழ 22 வாட். 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர் நம் இல்லத்து ரேடியோக்களிலிருந்து வால்வுகளை அகற்றிவிட்டது. ஆயினும் கிதார் கலைஞர் அவற்றைக் கைவிட்டாரில்லை. ஒலியை மிகக் கூட்டுங்கால் வால்வு சட்டென முறியாது மெல்ல வளைந்து கொடுப்பதே அதற்குக் காரணம்.

அறுபது ஆண்டு உழைத்த பெட்டி நோயுறுவது இயல்பு. அதனைச் செப்பனிடும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் எண்ண வேண்டியது உயிர்க்காப்பு. 1972 மே 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிதார் கலைஞர் மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் மின்சாரம் தாக்கி மாண்டார். அவருக்கு வயது 27. பழைய பெட்டிகள் பலவற்றின் பிளக்குக்கு இரு கால்களே இருந்தன. எனவே பழுதைத் தேடுமுன் மூன்று கால் பிளக் பொருத்தி, எர்த் கம்பியை உலோகச் சட்டத்தோடு இறுகப் பிணைத்தல் வேண்டும். மின்வழிக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சிறு கண்டன்சரையும் நீக்குதல் நன்று. அமெரிக்காவில் விற்கவெனச் செய்த பெட்டியாயின், நமது 230 வோல்ட்டில் நேரே செருகலாகாது. வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை.

பிளக்கைக் கழற்றியதும் ஆபத்து நீங்கியது என எண்ணுவது பேதைமை. உள்ளிருக்கும் பெரிய கண்டன்சர்கள் 400 வோல்ட்டுக்கு மேலும் தேக்கி வைத்திருக்கக் கூடும். தக்க ரெசிஸ்டர் வழியே அதனை வடித்து, மீட்டரால் சோதித்த பின்னரே கை வைக்க வேண்டும். மின்தொழில் அறியாதோர் இப்பணியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை.

இனி நோயறிதல். பியூஸ் எரிந்தால் அதனினும் தடித்ததைப் போடலாகாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் தருக. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நலம். முழுதும் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

ஓயாத உறுமல் கேட்டால் வால்யூம் குமிழைக் குறைத்துப் பார்க்க வேண்டும். உறுமலும் குறைந்தால் பழுது அக்குமிழுக்கு முற்பட்ட பகுதியில் உள்ளது. குறையாவிடில், பெரும்பாலும் உலர்ந்துபோன பெரிய கண்டன்சர்களே குற்றவாளிகள்.

கணகணவென ஒலித்தால், சிறு வால்வுகளை ஒவ்வொன்றாய் மரப் பென்சிலால் மெல்லத் தட்டுக. எது ஸ்பீக்கரில் உரக்க எதிரொலிக்கிறதோ அதனை மாற்றுக. குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், உள்ளே தூசி படிந்துள்ளது. அதற்குரிய துப்புரவுத் திரவம் போதும்.

பெரிய வால்வின் உட்தகடு தணல்போற் சிவந்தால் கணமும் தாமதியாது நிறுத்துக. வால்வை அடக்கியாளும் எதிர்மின் அழுத்தம் தவறியதாலோ, முன்னுள்ள கண்டன்சர் கசிந்ததாலோ இது நேரும். புது வால்வு போட்டுவிட்டுக் காரணத்தைத் தேடாதிருந்தால் அதுவும் எரியும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இயக்குவதும் தீது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் கருகக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவோம். மாற்றியதை எழுதி வைப்போம். நலமாயுள்ள உறுப்பைப் பழையது என்பதற்காகப் பிடுங்கி எறிய வேண்டாம். பழுதுற்ற உறுப்பை மூலப்பொருள் என்பதற்காக விட்டுவைக்கவும் வேண்டாம். அப்பெட்டியின் முன் நிற்கப்போவது நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் என்னும் நினைவு இருந்தால், எர்த் கம்பியை இன்னொருமுறை இழுத்துப் பார்க்க நம் கை தயங்காது.