தாயம் விழாத கை

புதுச்சேரியின் பாகூர் பக்கத்துக் கிராமங்களில் அறுப்பு முடிந்த ஓய்வு நாட்களில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் தாயம் உருட்டும் சத்தம் இன்னும் கேட்கிறது. சாக்பீஸால் கட்டம் போட்டிருப்பார்கள். காய்க்குப் புளியங்கொட்டையும் உடைந்த வளையல் துண்டும். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். ஏழெட்டு முறை உருட்டியும் ஒரு பையனுக்குத் தாயம் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கும் அத்தை சும்மா இருப்பாரா? “என்னடா கை இது, விளங்காத கை! ஒழுங்கா உருட்டுடா” என்று தலையில் ஒரு குட்டு வைப்பார். அடுத்த உருட்டலிலோ அதற்கடுத்ததிலோ தாயம் விழும். “பாத்தியா, திட்டினாத்தான் உனக்கு விழுது!” என்பார் அத்தை. சுற்றியிருப்பவர்களும் ஆமாம் என்பார்கள்.

அத்தையின் திட்டு பித்தளைக் கட்டையின் காதில் விழுந்திருக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஹாக்கி, கிரிக்கெட் என்று வந்தால் நாம் எல்லாருமே அந்த அத்தைதான். ஓர் ஆட்டக்காரர் நாலு ஆட்டம் சொதப்பினால் போதும். வில்லியனூர் டீக்கடை பெஞ்சிலிருந்து சிங்கப்பூர் வரை கட்டைவிரல்கள் வேலையைத் தொடங்கிவிடும். “தூக்கி வெளியே போடு”, “எவ்வளவு வாங்கினான்?”, அதற்கும் மேலே போய் அம்மா, சாதி, மதம். கேட்டால், “திட்டினாத்தான் சார் ரோஷம் வந்து ஆடுவான்” என்பார்கள். அது உண்மையா?

அரை நொடிக் கணக்கு

முதலில் தாயக் கணக்கு. ஒரு கட்டைக்கு நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால்தான் தாயம். அது இரண்டே விதம். அதாவது சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். அதற்காக எட்டு முறை உருட்டினால் ஒன்று கட்டாயம் விழும் என்று பொருளில்லை. எட்டிலும் விழாமல் போவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. விளங்காத கை என்று ஒன்று கிடையாது. கணக்கு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இப்போது ஹாக்கிக்கு வருவோம். பெனால்டி கார்னர் கிடைக்கிறது. எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட, ‘டி’ வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் அதை நிறுத்துகிறார். மூன்றாமவர் அதை மட்டையோடு ஒட்டி இழுத்து, இடுப்பைத் திருப்பி, சவுக்குபோல வீசுகிறார். இதுதான் டிராக் பிளிக். பந்தின் எடை சுமார் 160 கிராம். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலும் போகும். வட்டத்தின் விளிம்பிலிருந்து கோல் கம்பம் 14.63 மீட்டர். அந்தத் தூரத்தைப் பந்து அரை நொடியில் கடந்துவிடுகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, தசை அசையத் தொடங்கவே மனிதருக்கு 0.2 நொடி ஆகும். மிச்சமிருப்பதில்தான் கோல்கீப்பர் பாய வேண்டும். குறுக்கே ஓடிவரும் தடுப்பாட்டக்காரரின் மட்டை இரண்டு அங்குலம் இப்படியா அப்படியா என்பதில் முடிவே மாறிவிடும். அதனால்தான் உலகின் தலைசிறந்த டிராக் பிளிக்கர்களும் அடிப்பதைவிடத் தவறவிடுவதே அதிகம்.

நான்கு வாய்ப்புக்கு ஒரு கோல் போடும் திறமைசாலி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போட்டித் தொடரில் அவருக்கு எட்டு வாய்ப்பு வருகிறது. எட்டிலும் கோல் விழாமல் போக எவ்வளவு வாய்ப்பு? பத்தில் ஒன்று. உலகக் கோப்பையில் ஆடும் 16 அணிகளிலும் இதே திறமையுள்ள ஒருவர் இருந்தால், அவர்களில் ஒருவராவது இருவராவது வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். ஃபார்ம் போயிற்று என்று நாம் திட்டுவது பல நேரம் இந்த மனிதரைத்தான்.

அடியாத மாடு

2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். சொந்த மண், நிறைந்த அரங்கம். நியூசிலாந்துடன் 3-3 என்று முடிந்து ஷூட் அவுட்டில் தோற்றோம். காலிறுதிக்கே போகவில்லை. எதிர்பார்த்த அளவுக்குப் பெனால்டி கார்னர்கள் கோலாகவில்லை. கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்தான் அணியின் முதன்மை டிராக் பிளிக்கர் என்பதால் விமர்சனம் நேரே அவர் தலையில் விழுந்தது. பயிற்சியாளர் கிரஹாம் ரீட் பதவி விலகினார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. அரியலூர்க்காரர் செல்வம் கார்த்தியும் ஆடிய அந்த அணி, இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்றது. ஹர்மன்பிரீத் 9 கோல். அடுத்து ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், அவருக்கு 13 கோல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், 10 கோலோடு தொடரிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான்.

“பார்த்தீர்களா, திட்டினோம், திருந்தினார்” என்று சொல்லிவிடலாம். அடியாத மாடு படியாது என்று பழமொழியே வைத்திருக்கிறோம். இந்த இடத்தில்தான் மனித மூளை ஒரு பள்ளத்தில் விழுகிறது.

நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்த கதையைச் சொல்லியிருக்கிறார். தண்டனையைவிடப் பாராட்டு நல்லது என்று அவர் சொன்னதும் ஒரு பயிற்றுநர் எழுந்து மறுத்தார். நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான், இதைத் தினமும் பார்க்கிறோமே என்றார். அவர் கண்டது பொய்யல்ல. காரணம்தான் வேறு. வழக்கத்தைவிட மிக நன்றாகச் செய்த நாளுக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு சாதாரண நாள்தான் வரும். மிக மோசமான நாளுக்குப் பிறகும் அப்படியே. இதைப் புள்ளியியலில் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்பார்கள். பிரான்சிஸ் கால்டன் 19ஆம் நூற்றாண்டில் பட்டாணிச் செடியின் விதைகளை வைத்துக் கண்ட விஷயம் இது: பெரிய விதைகள் ஈன்ற விதைகள் சராசரியைவிடப் பெரிதாக இருந்தாலும், தாய் விதையளவுக்குப் பெரிதாக இல்லை. பாகூர் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காணிக்கு வழக்கத்தைவிட நாலு மூட்டை கூடுதலாக விளைந்த போகத்துக்கு அடுத்த போகமும் அப்படியே விளையும் என்று அவர் கடன் வாங்கமாட்டார்.

ஆட்டக்காரரை நாம் திட்டுவது எப்போது? அவர் பள்ளத்தின் அடியில் இருக்கும்போது. அங்கிருந்து பெரும்பாலும் மேலேதான் வரமுடியும். வந்ததும் திட்டுக்குப் பலன் கிடைத்ததாக நம் மூளை குறித்துக்கொள்கிறது. பாராட்டியவரோ, உச்சியிலிருந்தவர் சற்று இறங்கியதும், “தலையில் தூக்கி வைத்தது தப்பு” என்று நினைத்துக்கொள்கிறார். இப்படித் தற்செயலே நம்மைக் கொடுமைக்குப் பழக்கிவிடுகிறது.

நெகியும் வந்தனாவும்

இந்தப் பழக்கம் கைப்பேசியோடு வந்ததில்லை. 1982 டிசம்பர் 1, டெல்லி ஆசிய விளையாட்டு இறுதி. பாகிஸ்தானிடம் இந்தியா 1-7 என்று தோற்றது. கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நெகி. அரை நொடிக் கணக்கையோ, முன்னால் நின்றவர்கள் விட்ட ஓட்டைகளையோ யாரும் பார்க்கவில்லை. காசு வாங்கிவிட்டார், துரோகி என்றார்கள். ஊர் முழுக்கத் தூற்றியது. 16 ஆண்டுகள் கழித்து, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா தங்கம் வென்றபோது, அந்த அணியின் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அதே நெகி. 2007இல் வந்த ‘சக் தே இந்தியா’ படத்துக்கும் அவர் கதை தூண்டுதலானது.

2021 ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் அணி அர்ஜென்டினாவிடம் 1-2 என்று தோற்றது. நான்கு நாள் முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆகியிருந்தார் வந்தனா கட்டாரியா. ஆனால் ஹரித்வாருக்கு அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டின் முன்னால் சிலர் வெடி வெடித்து ஆடினார்கள், சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது. இரண்டு நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனுக்கு எதிராக வந்தனா மறுபடி கோல் போட்டார்.

வீட்டு வாசல் வரை நடந்து போய்ச் செய்ததைப் படுக்கையில் புரண்டபடியேயும் செய்யலாம். உலகத் தடகள அமைப்பு, டோக்கியோ ஒலிம்பிக் சமயத்தில் 161 வீரர், வீராங்கனைகளின் ட்விட்டர் கணக்குகளுக்கு வந்தவற்றை ஆராய்ந்தது. வசைகளில் நூற்றுக்கு 87 பெண்களை நோக்கியவை. தோல்வி ஒரு சாக்கு. வசை எப்போதும் பள்ளமான இடம் பார்த்துத்தான் பாய்கிறது.

லைக் என்னும் கூலி

முகம் தெரியாததால்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. திரைக்குப் பின்னால் மனிதரின் கூச்சம் கழன்றுவிடுவதைப் பற்றி ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இலேயே எழுதினார். முகமூடி அதற்கு ஒரு காரணம்தான். எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, அவர் முகம் வாடுவது தெரிவதில்லை, பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம் என்று வேறு காரணங்களையும் அவர் அடுக்கினார். 2021 யூரோ கால்பந்து இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் மூன்று கறுப்பின வீரர்கள் மீது இனவெறி வசை கொட்டியது. அந்தத் தொடரின்போது நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம், ஆள் யாரென்று அடையாளம் காணக்கூடியவை என்று பிறகு ட்விட்டர் நிறுவனமே சொன்னது. பெரும்பாலோர் ஒளிந்துகொண்டு திட்டவில்லை.

பிறகு ஏன்? யேல் பல்கலைக்கழகத்தினர் 2021இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட ட்வீட்டுகளை அலசினார்கள். கோபமான பதிவுக்கு லைக்கும் ஷேரும் கிடைத்தவர்கள் அடுத்தடுத்து இன்னும் கோபமாக எழுதியிருந்தார்கள். சர்க்கஸ் விலங்குக்கு ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதுபோல, லைக் நம்மைப் பழக்குகிறது. ஆக இரண்டு வாத்தியார்கள் நமக்கு. திட்டினால் பலன் உண்டு என்று தற்செயல் சொல்லிக்கொடுக்கிறது. திட்டினால் கூலி உண்டு என்று லைக் சொல்லிக்கொடுக்கிறது.

இதற்கு அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. 1976இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு கல்லூரி மாணவர்களைக் கவனித்தது. தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் ‘நாம ஜெயிச்சோம்’ என்றார்கள். தோற்றால் ‘அவங்க தோத்துட்டாங்க’. நம்மூர் டீக்கடையில் காதைத் தீட்டிக் கேளுங்கள், இதே இலக்கணம்தான். வெற்றியில் ஒட்டிக்கொள்கிறோம், தோல்வியில் கழன்றுகொள்கிறோம். உரக்கத் திட்டுவது, ‘நான் அந்தக் கூட்டத்தில் இல்லை’ என்று ஊருக்குச் சொல்வதற்கு எளிய வழி.

திட்டு என்ன செய்யும்?

தாயக்கட்டைக்குக் காது இல்லை. ஆட்டக்காரருக்கு உண்டு. பல ஆயிரம் முறை பழகிய டிராக் பிளிக்கை உடம்பு தானாகச் செய்கிறது. மூளை ஒவ்வொரு அசைவையும் மேற்பார்வை பார்ப்பதில்லை. சைக்கிள் ஓட்டும்போது காலை எப்படி மிதிக்கிறோம் என்று யோசித்தால் தடுமாறுவோம் அல்லவா, அதுபோலத்தான். சையன் பைலாக், தாமஸ் கார் என்ற ஆய்வாளர்கள் 2001இல் கோல்ஃப் பந்தை உருட்டும் பழக்கத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். நெருக்கடி வந்ததும் கவனம் தன் கைமேலேயே திரும்பி, தானாக நடந்த வேலை குலைந்துபோனது. ‘இதையும் விட்டால் என்ன சொல்வார்களோ’ என்ற நினைப்போடு வட்டத்தின் விளிம்பில் நிற்பவருக்குப் பழகிய அசைவும் கைவிட்டுப் போகலாம். நம் திட்டு அவரை எழுப்பவில்லை. எழுந்திருந்தால், அதையும் சுமந்துகொண்டு எழுந்திருக்கிறார்.

விமர்சனமே கூடாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். பெனால்டி கார்னருக்கு ஏன் மாற்று உத்தி வைக்கவில்லை, தேர்வாளர்கள் யாரை விட்டார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் ஏன் மூச்சு வாங்கியது என்றெல்லாம் கேட்பது ரசிகரின் உரிமை. ஆட்டத்தைப் பற்றிப் பேசும்வரை அது விமர்சனம். ஆளின் பிறப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அது வேறு. பட்டியல் சாதியினரைப் பொதுவெளியில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதைக் கைப்பேசியில் செய்தாலும் தப்பிக்க முடியாது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஹாக்கி மட்டை பிடித்த பிள்ளைகள் குறைவு. கைப்பேசி பிடித்த பிள்ளைகள் நிறைய. ஆட்டக்காரரைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே பிள்ளை நாளைக்குப் பள்ளி மைதானத்தில் ஒரு கேட்சை விடும்போது, அதே வார்த்தைகள் அவன் காதுக்குத் திரும்பி வரும். அடுத்த முறை யாராவது நாலு ஆட்டம் சொதப்பினால் திட்டுவதற்கு முன் இன்னும் நாலு ஆட்டம் பொறுத்துப் பாருங்கள். கட்டையை உருட்ட விடுங்கள். தாயம் விழும்.