பச்சைக் காரும் பழைய கணிப்பொறியும்

புதிய கார் விளம்பரங்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவற்றில் கார் சாலையில் நிற்பது அபூர்வம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைப் பசேலென்ற புல்வெளி, நடுவில் கார், மேலே நீல வானம், ஓர் ஓரத்தில் இலை. மாசே இல்லாத பயணம் என்று ஒரு வரி. எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பச்சை வயலின் நடுவே கார் நின்றால், ஓட்டி வந்தவர் வாய்க்கால் கரையில் திருப்பத்தைக் கோட்டை விட்டுவிட்டார் என்று பொருள். நாலு பேர் கயிற்றோடு ஓடுவார்கள்.

பச்சை என்றால் நல்லது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது? சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் அது நன்றாக உட்கொள்கிறது. பச்சையில்தான் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தனக்கு அவ்வளவாக வேண்டாததைத்தான் இலை வெளியே காட்டுகிறது! நம் நெல்வயலைக்கூட நிறத்தை வைத்து மதிப்பிட முடியாது. நீர் தேங்கிய சேற்றில், பிராண வாயு கிடைக்காத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைவிட வலியது. அதற்காகச் சோறு உண்ணாமல் இருக்க முடியாது. நிறம் வேறு, கணக்கு வேறு என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

கணக்கைப் பார்க்காமல் விளம்பரத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. வோக்ஸ்வாகன் நிறுவனம் 'தூய டீசல்' என்று விளம்பரம் செய்து அமெரிக்காவில் கார்களை விற்றது. சோதனைச் சாலையில் அந்தக் கார்கள் நல்ல பிள்ளைகளாக இருந்தன. மேற்கு வெர்ஜினியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழு 2013-இல் ஒரு காரியம் செய்தது. அளக்கும் கருவிகளைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே புகையை அளந்தது. நம் நாட்டிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகிய இளைஞர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். சோதனைச் சாலையில் கிடைத்த எண்ணுக்கும் சாலையில் கிடைத்த எண்ணுக்கும் ஒட்டே இல்லை. கடைசியில் 2015 செப்டம்பரில் உண்மை வெளியாயிற்று. தன்னைச் சோதிக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டு, அப்போது மட்டும் புகையை அடக்கிக்கொள்ளும்படி காரின் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதியிருந்தார்கள். மற்ற நேரங்களில் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரம்பைப்போல் 40 மடங்கு வரை வெளியாயின. உலகெங்கும் இப்படிப்பட்ட கார்கள் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் அமைதியாக இருக்கும் வகுப்பு உங்களுக்குத் தெரியாததல்ல.

இப்போது மின்சார வண்டிகளின் காலம். இவற்றில் அப்படிப்பட்ட பித்தலாட்டம் எதுவும் இல்லை. வண்டி ஓடும்போது உண்மையிலேயே புகை வருவதில்லை; சைலன்சரே கிடையாது. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் மின்கம்பியில் காற்றாலையும் சூரியனும் நீர்வீழ்ச்சியும் தந்த மின்சாரத்தோடு, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் மேட்டூர், தூத்துக்குடி அனல் நிலையங்களின் கரியும் தந்த மின்சாரமும் கலந்தே வருகிறது. ஆகவே சைலன்சர் காணாமற் போகவில்லை. அதில் பெரும் பகுதி நெய்வேலியிலும் மேட்டூரிலும் நிற்கிறது. ஊருக்குள் புகை குறைவது நம் நுரையீரலுக்கு நல்லதுதான். வானமண்டலத்துக்கு நெய்வேலி என்றும் பட்டுக்கோட்டை என்றும் வேறுபாடு தெரியாது.

கணக்கு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும். பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் சென்று திரும்பினால் சுமார் 100 கி.மீ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வரும். (ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதானே, எப்படி 2.3 கிலோ வரும் என்று கேட்பவருக்கு ஒரு சபாஷ். எரியும்போது காற்றிலுள்ள பிராண வாயு வந்து சேர்ந்துகொள்கிறது.) லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் ஸ்கூட்டருக்கு 2 லிட்டர், 4.6 கிலோ. மின்சார ஸ்கூட்டர் இதே தூரத்துக்கு 3 யூனிட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏற்றும்போதும் கம்பி வழியே வரும்போதும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால், மின் நிலையத்தில் சுமார் 4 யூனிட் உற்பத்தியாக வேண்டும். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்பது கணக்கு. ஆக 2.8 கிலோ. விளம்பரம் சொன்ன சூனியம் இல்லை. ஆனாலும் பெட்ரோலைவிட நன்றாகவே குறைவு.

மின்சாரக் காருக்கும் இதே கணக்குதான். சிறிய கார் 100 கி.மீ. செல்ல, இழப்புகளோடு 17 யூனிட் என்றால் சுமார் 12 கிலோ. லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் கார் 13 கிலோ. பெட்ரோலைத் தோண்டி எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் பெட்ரோல் காரின் எண் இன்னும் ஏறும். காற்றாலைகளும் சூரிய மின்பலகைகளும் பெருகப் பெருக மின்சாரக் காரின் எண் இறங்கும். இது ஒரு நல்ல குணம்: பெட்ரோல் கார் வயதாக வயதாகக் கெடும், மின்சாரக் காரோ, மின் நிலையம் திருந்தினால் நின்ற இடத்திலேயே தானும் திருந்தும்.

இருக்கட்டும், தஞ்சாவூருக்கு இன்னொரு வழியும் உண்டல்லவா? பஸ். லிட்டருக்கு நாலரை கி.மீ. ஓடும் பஸ் 100 கி.மீ.க்கு 22 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ வீதம் சுமார் 60 கிலோ. பார்க்கவே பயமாக இருக்கிறது. உள்ளே 50 பேர் இருந்தால் தலைக்கு 1.2 கிலோ! கறுப்புப் புகை கக்கும் பழைய பஸ், தனியாளாகப் பச்சைக் காரில் செல்பவரைப் பத்தில் ஒரு பங்கில் மடக்கிவிட்டது. (அந்தக் கறுப்புப் புகை மூச்சுக்குக் கேடு என்பது வேறு கணக்கு, அதையும் மறக்கக் கூடாது.) படிக்கட்டில் தொங்கும் பஸ்ஸைப் புல்வெளியில் நிறுத்திப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

இனி விளம்பரம் தொடாத இடத்துக்கு வருவோம். வண்டியை ஓட்டும் கணக்கைப் பார்த்தோம். வண்டியைச் செய்யும் கணக்கு? ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் லித்தியம் பேட்டரியைச் செய்ய 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. 80 என்று கொண்டால், 3 யூனிட் பேட்டரிக்கு 240 கிலோ. நம் ஸ்கூட்டர் 100 கி.மீ.க்கு 1.8 கிலோ மிச்சம் பிடிக்கிறது. பேட்டரிக் கடனை மட்டும் அடைக்கவே சுமார் 13,000 கி.மீ. ஓட வேண்டும். தினம் 40 கி.மீ. ஓட்டும் அண்ணன் ஓர் ஆண்டுக்குள் அடைத்துவிடுவார். வாரத்துக்கு 10 கி.மீ. கடைத்தெருவுக்குப் போய்வரும் தாத்தாவுக்கு 25 ஆண்டுகள் ஆகும். வண்டி ஒன்றே, அண்ணனிடம் அது பச்சை, தாத்தாவிடம் வெறும் பெயின்ட்.

எங்கள் ஊர் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், அக்காவோட மடிக்கணினி ரொம்ப மெதுவா இருக்கு. புதுசு கம்மியா கரண்ட் எடுக்குமாம், சுற்றுச்சூழலுக்கு நல்லதாமே? பழசைப் போட்டுட்டு வாங்கிடலாமா?"

அக்காவுடையது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த கணிப்பொறிகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில், பீரோவின் மேல், பழைய துண்டு போர்த்தி உறங்குகின்றன. மாணவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. பழையது 30 வாட், நாள்தோறும் 5 மணி நேரம், ஆண்டில் 300 நாள், 45 யூனிட். புதியது பாதிதான் எடுக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மிச்சம் 22 யூனிட். கம்பி இழப்பையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 18 கிலோ கரியமில வாயு. புதிய மடிக்கணினியைச் செய்யவோ, 200 கிலோ என்ற அளவில் ஆகிறது. கடன் அடைய 11 ஆண்டுகள்! அதற்குள் அந்தப் புதியதும் பீரோவின் மேல் ஏறியிருக்கும்.

ஏன் இப்படி? கார் தன் வாழ்நாளில் எரிப்பதே பெரிது, செய்வது சிறிது. கணிப்பொறி நேர்மாறு. சிலிக்கானை மிகமிகத் தூயதாக்கி, அடுக்கடுக்காகச் சுற்றுகளைப் பதித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் கழுவி, சூடேற்றி, மீண்டும் கழுவிச் செய்வது அது. மேசைக் கணிப்பொறி ஒன்றையும் அதன் பழைய பாணித் திரையையும் செய்ய 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ இரசாயனப் பொருள்களும், ஒன்றரை டன் தண்ணீரும் செலவாவதாக ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2004-இல் கணக்கிட்டது. ஆகவே ஓடிக்கொண்டே இருக்கும் பழைய வண்டியை மாற்றுவதற்குச் சொல்லும் நியாயம் பழைய கணிப்பொறிக்குப் பொருந்தாது.

"மெதுவா இருக்கே சார்?" என்றால், அதற்கு இயற்பியல் பதில் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் சில்லுக்கு முட்டிவலி வருவதில்லை. அது புதிதாக இருந்தபோது ஓடிய வேகத்தில் இன்றும் ஓடக்கூடியது. முதல் குற்றவாளி தூசி. அறுவடைக் காலத்தில் பறக்கும் பதரும் தூசும் விசிறியில் அடைத்துக்கொள்ள, வெப்பம் வெளியேறுவதில்லை. சூடு மிஞ்சினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டாம் குற்றவாளி ஹார்ட் டிஸ்க் எனும் சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.011 விநாடி. வேகம்தானே என்று தோன்றும். ஆனால் விநாடிக்கு 200 கோடி முறை துடிக்கும் சில்லு, அந்த ஒரு சுற்றுக்குள் 2 கோடித் துடிப்புகளுக்கு மேல் சும்மா காத்திருக்கிறது. தட்டை எடுத்துவிட்டுச் சுழலாத எஸ்.எஸ்.டி. பொருத்தினால் காத்திருப்பு பெரிதும் போய்விடும். இதற்குப் புதிய கணிப்பொறியின் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆகும்.

மூன்றாம் குற்றவாளி மென்பொருள்; ஆண்டுக்கு ஆண்டு அது பருத்துக்கொண்டே போகிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11, பழைய சில்லுகள் பலவற்றை ஏற்பதில்லை. இயந்திரம் பழுதாகாமலேயே பழசாகிவிட்டது. லினக்ஸ் வகை மென்பொருள்கள் இப்படிப்பட்ட இயந்திரங்களில் எளிதாக ஓடும், காசும் வேண்டாம். இதில் ஒரு வேடிக்கை: அரசு கொடுத்த அந்தத் தொடக்க கால மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. திறந்து பார்த்தவர் எத்தனை பேரோ!

ஆதாரமில்லாமல் பசுமை, தூய்மை என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. நல்லதுதான். நீங்கள் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டே: எதை விடப் பசுமை? செய்யும் செலவையும் சேர்த்தா, சேர்க்காமலா?

மாணவர் தம் அக்காவின் மடிக்கணினியைத் துடைத்து, விசிறியைச் சுத்தம் செய்து, லினக்ஸ் போட்டுவிட்டார். பேட்டரி மட்டும் தேறவில்லை, பக்கவாட்டில் உப்பியிருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் அதைக் குத்தவோ, நெருப்பில் போடவோ, குப்பையில் எறியவோ வேண்டாம், தீப்பிடிக்கும். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றுங்கள். காயலாங்கடையில் போட்டால், செம்புக்காக ஒயரை எரிப்பார்கள். அந்தப் புகை நஞ்சு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இத்தகைய கழிவு போய்ச் சேர வேண்டும். விற்ற நிறுவனத்தின் சேவை மையத்தில் விசாரித்தால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.