‘‘மாட்டு டாக்டருக்கா படிக்கிறே?’’

அக்கா மகளுக்கு பி.வி.எஸ்சி. சீட் கிடைத்த அன்று வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், லட்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்: ‘‘ஏம்மா, மனுஷ டாக்டருக்குக் கிடைக்கலையா?’’

அவள் சிரித்துச் சமாளித்தாள். நான்தான் முறைத்தேன்.

அவள் இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. ‘எனக்கு நாய்க்குட்டின்னா உசுரு, அதனால வெட்னரி படிக்கப்போறேன்’ என்று சொல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பிரியம் வேண்டியதுதான். ஆனால், அதை மட்டும் நம்பி உள்ளே போகிறவர்கள்தான் முதல் வருடத்திலேயே அழுகிறார்கள்.

முதலில் சீட். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியல் முழுதாகவும், இயற்பியல், வேதியியல் பாதி பாதியாகவும் சேர்த்து 200-க்கு கட்-ஆஃப் போடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவிகிதத்துக்கு மட்டும் நீட் வேண்டும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று அரசுக் கல்லூரிகளே ஏழு இருந்தும், வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் 190-களில்தான் இருப்பார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் இங்கே வந்து, மனதை நீட் புத்தகத்திலேயே வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அரை மனதோடு படிக்கிற படிப்பு இது இல்லை.

ஏனென்றால், மனுஷ டாக்டருக்கு ஒரே உடம்பு. இவர்களுக்கு மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், பூனை, கோழி என எல்லாமே பாடம். மாட்டு வயிற்றுக்கு நான்கு அறை. குதிரைக்கு ஒன்றே ஒன்று, அதோடு அதற்கு வாந்தியே வராது. நமக்கு 102 டிகிரி என்றால் போர்வையைத் தேடுவோம். நாய்க்கு அது சாதாரணம். கோழிக்கு 106-ம் சாதாரணம். மருந்தும் அப்படித்தான். அந்த லட்டு உறவுக்காரரே போன மாதம் போன் செய்தார். பூனைக்கு உடம்பு சுடுகிறதாம், பாரசிட்டமால் பாதி கொடுக்கலாமா என்றார். நல்லவேளை, கேட்டுவிட்டுக் கொடுக்க நினைத்தார். பூனைக்கு அது விஷம். வலிக்குக் கொடுக்கும் டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போட்டால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சாகும். அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பரீட்சையில் தப்பாக எழுதினால் மார்க் மட்டும்தான் போகும் என்று இந்தப் படிப்பில் நினைக்க முடியாது.

மொத்தம் ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். முதல் வருடம் ஃபார்மலின் வாடையோடு எலும்பும் தசையும். விடியற்காலையில் பண்ணை வேலை. சாணி அள்ளணும், பால் கறக்கணும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடிக்கணும். தோள் வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு மாட்டின் ஆசனவாயில் கை விட்டு, கண்ணால் பார்க்காமல் விரல் நுனியாலேயே கர்ப்பப்பையைத் தடவி, சினையா இல்லையா என்று சொல்லப் பழக வேண்டும். ‘‘முதல் இருபது மாடு வரைக்கும் எல்லாமே சாணிதான் சித்தி, ஒண்ணுமே தெரியலை’’ என்று விடுதியிலிருந்து சொன்னவள், திடீரென்று ஒருநாள் ‘‘தெரிஞ்சிடுச்சு’’ என்று கத்தினாள். அன்று அவள் அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. எனக்கும்தான்.

அவள் இன்னும் மறக்காத ராத்திரி ஒன்று உண்டு. இன்டர்ன்ஷிப் தொடங்கி இரண்டாவது மாதம். கல்லூரிக்குப் பக்கத்து கிராமத்தில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் ஒற்றைக் கறவை மாடு. மதியமே பனிக்குடம் உடைந்திருக்கிறது. அக்கம்பக்கத்து ஆண்கள் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்னங்கால் இரண்டும் வெளியே. தலை உள்ளே மடங்கிப் பின்னால் திரும்பியிருக்கிறது.

கூடப் போன மூத்த டாக்டர், ‘‘உன் கைதான் ஒல்லி, நீ போடு’’ என்றிருக்கிறார். பெண் பிள்ளைக்கு இந்த வேலைக்கு பலம் போதுமா என்று கேட்கிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். இழுப்பதல்ல இங்கே முதல் வேலை. கன்றை உள்ளே தள்ள வேண்டும். தள்ளி, இடம் உண்டாக்கி, தலையை நேராக்கிய பிறகுதான் இழுக்கலாம். அதுவும் மாடு முக்கும்போது மட்டும். சாக்கை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டு தோள் வரைக்கும் கை விட்டிருக்கிறாள். மாடு முக்கும் ஒவ்வொரு முறையும் கை நசுங்கி மரத்துப்போகும். முகத்தைத் தேடிப் பிடித்து, கன்றின் வாய்க்குள் விரலை வைத்துப் பார்த்தாள். உயிரோடிருந்தால் சப்பும். சப்பவில்லை.

‘‘கன்னு போயிடுச்சும்மா, மாட்டைக் காப்பாத்திடலாம்’’ என்பதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது? மூத்தவர் இவளைப் பார்த்தார். இவள்தான் சொன்னாள். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: ‘‘கிடேரியா?’’ வெளியே வந்தபோது கிடேரிதான். அரை மணி நேரத்தில் மாடு எழுந்து நின்றது. சொசைட்டியில் பால் ஊற்றி வரும் பணத்தில்தான் அந்த வீடு நடக்கிறது. இவள் கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்த அம்மா, ‘‘சாப்பிட்டியா கண்ணு?’’ என்று கேட்டாராம். ஜீப்பில் ஏறிய பிறகுதான் இவளுக்கு அழுகை வந்திருக்கிறது.

இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பக்கம் இல்லை. நோயாளி பேசாது, பேசுவது அதன் உரிமையாளர். அவர் பாதியை மறைப்பார். நாட்டு வைத்தியம் பார்த்ததைச் சொல்ல மாட்டார். நகரத்து கிளினிக்கில் வேறு மாதிரி. ‘‘ஸ்கேன் எடுக்கணும்’’ என்றதும் ‘‘எவ்வளவு ஆகும்?’’ என்பார்கள். கணக்குப் பார்த்துவிட்டு, பிழைக்கக்கூடிய நாயைக் கருணைக்கொலை செய்யச் சொல்கிறவர்களும் உண்டு. பிழைக்காது என்று தெரிந்தும் விட மனமில்லாமல் வலியோடு வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் பேசத் தெரிய வேண்டும்.

தன் உயிரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடு எச்சில் வடித்துக்கொண்டு தீனி எடுக்காமல் நின்றால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கை விடுவோம் இல்லையா? அது வெறிநோயாகவும் இருக்கலாம். அறிகுறி வந்துவிட்டால் மனிதருக்குப் பிழைக்க வழியே இல்லாத நோய். அதனால், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியை இந்த மாணவர்கள் தள்ளிப்போடவே கூடாது. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் புருசெல்லோசிஸ் வரலாம். விட்டு விட்டு வரும் காய்ச்சல் மாதக்கணக்கில் இழுக்கும்.

படித்து முடித்ததும் மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஊசியைக் கையில் எடுக்க முடியும். அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் கால்நடை உதவி மருத்துவர் தேர்வு. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருப்பதே தனிப் படிப்பு. அதுவரை பண்ணை, தனியார் கிளினிக், மேற்படிப்பு என்று பிரிந்துவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆசை இருந்தால், விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குக் காலையில் கூட்டிப்போய், டாக்டரிடம் அனுமதி கேட்டு, மதியம் வரைக்கும் ஓரமாக நிற்க விடுங்கள். கழலை பிடித்த கன்று, சினை ஊசிக்கு வந்த மாடு, ஆட்டைத் தோளில் தூக்கி வந்த தாத்தா என்று வரிசையாக வருவார்கள். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் ‘பிடிச்சிருந்துச்சா?’ என்று கேட்காதீர்கள். ‘மறுபடி நாளைக்குப் போறியா?’ என்று கேளுங்கள்.