தேக்காவுக்கு பஸ் குறைந்தபோது

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தேக்காவைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார்கள். மூங்கிலின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம்மவர்களுக்கோ தேக்கா என்றால் மல்லிகைச் சரமும், முருங்கைக்காயும், வீரமாகாளியம்மன் கோயிலும், சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடும் இடம் அது. வீட்டுக்குப் பணம் அனுப்புவதும், ஊர்க்காரனைப் பார்ப்பதும், வாழையிலையில் ஒரு வேளை சாப்பிடுவதும் அன்றைக்குத்தான்.

இவர்கள் எப்படி அங்கே வந்து சேருகிறார்கள் என்று நாம் யோசிப்பதில்லை. இவர்களுடைய தங்குவிடுதிகள் பல, துவாஸ், ஜாலான் பாப்பான், கிராஞ்சி என்று தீவின் ஓரங்களில் இருக்கின்றன. அங்கிருந்து பொதுப் பேருந்து பிடித்து, ரயில் நிலையம் போய், ரயில் மாறி வரவேண்டும். அந்தச் சிரமத்தைப் போக்கியவை, ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து நேராகத் தேக்காவுக்கு ஓடிய தனியார் பஸ்கள். அந்த பஸ்கள் ஒரு சமயம் குறைக்கப்பட்டன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பஸ் நின்ற ஞாயிறு

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில், விடுதிக்குத் திரும்பும் தனியார் பஸ் ஒன்றின் சக்கரத்தில் சிக்கி ஒருவர் உயிரிழந்தார். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி அவர். அந்த பஸ்ஸில் ஏறி, பிறகு இறக்கிவிடப்பட்டவர். கூட்டம் ஆத்திரமடைந்தது. போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்சும் தீக்கிரையாயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர் கண்டிராத கலவரம் அது.

அடுத்த ஞாயிறு, டிசம்பர் 15 அன்று, தேக்கா வட்டாரத்தில் மது தடை செய்யப்பட்டது. தங்குவிடுதிகளிலிருந்து வரும் 25 தனியார் பஸ் சேவைகளும் நிறுத்தப்பட்டன. அதற்கடுத்த வாரம் பஸ்கள் திரும்பி வந்தன; ஆனால் பாதியாகத்தான். பிற்பகல் 2 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடியவை, இரவு 9 மணியோடு முடிந்தன.

இதைப் பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். முன்பு 9 மணி நேரம், பின்பு 7 மணி நேரம். முன்பு இரண்டு பஸ் ஓடிய இடத்தில் பின்பு ஒன்று. எல்லாம் ஒரே சீராக ஓடியதாக வைத்துக்கொண்டால், 18 நடை இருந்த இடத்தில் 7 நடைதான் மிச்சம். பாதியாகக் குறைந்தது என்று காதில் விழுகிறது. உண்மையில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

நேரத்தைக் குறைத்தால் யாருக்கு இழப்பு? ஞாயிறு பகலிலும் மிகைநேர வேலை பார்த்துவிட்டு, மாலையில் குளித்து உடை மாற்றிக் கிளம்புகிற தொழிலாளிக்குத்தான். அவர் தேக்கா வந்து சேரும்போதே கடைசி பஸ்ஸுக்கு வரிசை நிற்கத் தொடங்கிவிடும். வாரம் முழுவதும் காத்திருந்த ஓய்வு நாள் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

இழப்பு அவரோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை நம்பியிருந்த மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடைக்காரர்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று முறையிட்டார்கள். பஸ் போகும் பாதையில்தான் பணமும் போகிறது.

அரசாங்கத்தின் பக்கம்

நியாயமாகப் பேசவேண்டுமானால் அரசாங்கத்தின் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஓர் உயிர் போய், ஒரு வட்டாரம் கொந்தளித்த பிறகு கூட்டத்தைக் குறைக்க நினைத்ததில் வியப்பில்லை. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2014 ஜூனில் வெளிவந்தது. விபத்தும், அதைப் பற்றிய தவறான எண்ணமும், மதுவுமே கலவரத்துக்குக் காரணம் என்று குழு சொன்னது. தொழிலாளர்கள் கூடும் இடங்களில் வசதிகளை மேம்படுத்தவும், பணம் அனுப்புதல், மளிகை போன்ற வசதிகளைத் தேக்காவுக்கு வெளியிலும் ஏற்படுத்தவும் பரிந்துரைத்தது.

இதெல்லாம் நல்லதே. ஆனால் வெளியில் எத்தனை கடை திறந்தாலும், அங்கே மாமன் மகனும் பக்கத்து ஊர்க்காரனும் வந்து நிற்க வேண்டுமே! ஆட்களைப் பார்க்கத்தான் தேக்காவுக்குப் போகிறார்கள்.

2020 ஏப்ரலில் கோவிட் நோயால் விடுதிக் கதவுகள் அடைபட்டபோது இந்த ஏக்கம் இன்னும் பெரிதாயிற்று. 2021 செப்டம்பரில் சோதனை முறையில் சில நூறு பேர் வெளியே அழைத்துச் செல்லப்பட்டார்கள். முதலில் அழைத்துச் சென்ற இடங்களில் ஒன்று எது தெரியுமா? தேக்காதான். 2022 ஜூன் மாதத்திலிருந்து, தேக்கா உட்பட நான்கு இடங்களுக்கு ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் 80,000 அனுமதிச் சீட்டுகள் என்று வரம்பு வைக்கப்பட்டது.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

அதே சிங்கப்பூரில் நடந்த இன்னொரு சம்பவத்தைப் பாருங்கள். செம்பவாங்குக்கும் புக்கிட் மேராவுக்கும் இடையே ஓடும் 167 எண் பேருந்து, 2023 டிசம்பர் 10 முதல் நிறுத்தப்படும் என்று அந்த நவம்பரில் அறிவிப்பு வந்தது. தாம்சன் கிழக்குக் கரை ரயில் பாதை வந்துவிட்டதால் பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்பது காரணம். குடியிருப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. ரயிலுக்குப் படியிறங்கி ஏறுவது முதியவர்களுக்குச் சிரமம் என்றும், நேரே போகும் பஸ் வேண்டும் என்றும் கருத்துச் சொன்னார்கள். குறித்த தேதி வருமுன்பே முடிவு மாறியது. அரை மணிக்கு ஒரு பஸ் என்ற அளவில் 167 தொடர்ந்தது. 2024 ஜூலையில் பேருந்துச் சேவையை வலுப்படுத்த எட்டு ஆண்டுகளில் 90 கோடி வெள்ளி வரை செலவிடப்போவதாகவும் அரசாங்கம் அறிவித்தது.

இரண்டு பஸ்களுக்கும் காரணங்கள் வேறு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 167இல் போகிறவர்களுக்கு ஓட்டு உண்டு. தொகுதி உறுப்பினர் உண்டு. கடிதம் எழுத நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிறவருக்கு இருந்ததெல்லாம் வேலை அனுமதி அட்டை ஒன்றுதான்.

நமக்கு என்ன பாடம்?

நம் தோட்டப் பக்கத்திலும் இதே கதைதான். மோட்டார் சைக்கிளும் காரும் வந்ததும் பஸ்ஸில் ஆள் குறைகிறது. ஆள் குறைந்ததும் நடை குறைகிறது. நடை குறைந்ததும் இருக்கிறவர்களும் வேறு வழி தேடுகிறார்கள். கடைசியில் பஸ்ஸே நின்றுவிடுகிறது. முச்சந்தியில் நிற்பவர்கள் யார்? மருந்து வாங்கப் போகும் பாட்டியும், இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும், வண்டி ஓட்டத் தெரியாத தாயும்தான்.

ஆகவே, பஸ் நின்றபிறகு புலம்பாமல், குறையத் தொடங்கும்போதே பேசுங்கள். எந்த நேரத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், அவர்களில் பிள்ளைகள் எத்தனை, முதியவர்கள் எத்தனை என்று ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை, கோயில் நிர்வாகம் ஆகிய மூன்றும் சேர்ந்து கையெழுத்திட்டு, பஸ் நிறுவனத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கணக்கோடு வரும் கடிதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் வேலை செய்தால், ஞாயிறு மாலை தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, எந்த பஸ்ஸில் வந்தாய், திரும்பிப் போக பஸ் இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.