அரட்டையும் ஓர் ஆயத்தமே!

இராயபுரம் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். ஏறத்தாழ 1,360 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தமானின் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) இருக்கிறது. கம்பியே இல்லாமல் அங்குள்ளவருடன் அரட்டை அடிக்க முடியுமா?

'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களால் முடியும். அவர்கள் அனுப்பும் 7 மெகாஹெர்ட்ஸ் சிற்றலைகளை அயனி மண்டலம் வளைத்துத் தரைக்குத் திருப்புகிறது. பகலில் சில நூறு கிலோமீட்டர் எட்டும் குரல், இருட்டியதும் ஆயிரக்கணக்கில் எட்டும். வேலை முடிந்து வந்த ஹாம், மழையைப் பற்றியும் ஏரியலைப் பற்றியும் ஓய்வாகப் பேசுவார். வியாபாரம் மட்டும் பேசக் கூடாது. விடைபெறும்போது '73' என்பார். 'நல்வாழ்த்துகள்' என்பது அதன் பொருள்.

இது வீண்பேச்சா? 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், உலக ஹாம்களுடன் உரையாடவே அந்தமான் சென்றிருந்தார். காசிமேட்டுக் கரையிலும் கடல் ஏறிய அந்த 26ஆம் தேதி, சுனாமி தாக்கிய அந்தமானில் தொலைபேசிகள் ஓய்ந்தன. அவரும் தோழர்களும் அதே கருவிகளைக் கொண்டு, உயிர் பிழைத்தோரின் செய்திகளை உறவினர்களுக்குச் சேர்த்தனர். எந்த நேரத்தில் எந்த அலை எட்டும், இரைச்சலுக்கிடையே குரலை எப்படிப் பிரித்தறிவது என்பதெல்லாம் அரட்டையிலேயே பழகுபவை அல்லவா?

இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். உங்களுக்கும் 73!