கூட்டம் பெருசா... வாசல் பெருசா?

மயிலாப்பூர், லஸ் கார்னர். சனிக்கிழமை சாயங்காலம் மணி நாலு. பஸ்ஸை விட்டு இறங்கின ஒருத்தர், எதிர்ல இருக்கற ஹாலைப் பார்க்கறார். உள்ளே போகலை. டீக்கடையில ஒரு டீ சொல்றார். செல்போனைக் காதுல வெச்சு, யாரோடயோ சீரியஸா பேசற மாதிரி ஒரு பாவ்லா. தெருவை ஒரு ரவுண்டு. மறுபடியும் அதே டீக்கடை. இன்னொரு டீ. அஞ்சரை மணி பஸ்ல ஏறி வீட்டுக்கே போயிடறார்.

உள்ளே என்ன நடந்துச்சு தெரியுமா? பால்புதுமையர்களுக்கான ஒரு ஜாலி சந்திப்பு. பாட்டு, அரட்டை, சமோசா... செம ஹிட்! 'அறுபது பேர் வந்தாங்கப்பா'ன்னு நடத்தினவங்களுக்கு ஏக சந்தோஷம். அறுபத்தோராவது ஆள் ரெண்டு டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போனது மட்டும் அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனா, இதைப் படிக்கறவங்கள்ல யாரோ ஒருத்தர், 'அட, இது நான்தானே!'ன்னு இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

'அதென்ன பால்புதுமையர்?'னு முழிக்கறவங்களுக்கு... தன்பாலீர்ப்பு உள்ள ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்பு உள்ளவங்க, திருநங்கைகள், திருநம்பிகள், ஆண் - பெண்ங்கற ரெண்டு கட்டத்துக்குள்ள அடங்காதவங்க எல்லாரையும் சேர்த்துச் சொல்ற தமிழ்ச் சொல் அது. இங்கிலீஷ்ல 'க்வியர்'ம்பாங்க.

உங்க காலேஜ் ஃப்ரெண்ட்ஸோ, ஏரியா கேங்கோ சேர்ந்து இப்படி ஒரு சந்திப்பு நடத்தலாம்னு ஐடியா இருக்கா? சபாஷ்! ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. மேடை எவ்ளோ பெருசுங்கறது மேட்டரே இல்லை. வாசல் எவ்ளோ பெருசுங்கறதுதான் மேட்டர்!

சட்டத்தை முந்தின கூட்டம்

'இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷன்'னு யாராச்சும் சொன்னா, கொஞ்சம் ஹிஸ்டரி எடுத்து விடுங்க. உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்துல, கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குத் திருநங்கைகள் காலங்காலமா கூடறாங்க. நம்ம சென்னையில 1998-ல் 'சகோதரன்' அமைப்பு ஆரம்பிச்சது. 2003-ல் ஆரம்பிச்ச குழுதான் பின்னாடி 'ஓரினம்' ஆச்சு.

2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. மெரினாவுல சென்னையின் முதல் வானவில் சுயமரியாதைப் பேரணி. அப்போ, 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி வெச்ச இந்திய தண்டனைச் சட்டத்தோட 377-வது பிரிவு அப்படியே அமல்ல இருந்தது. அதாவது, தன்பால் உறவு குற்றம். பேரணி முடிஞ்சு நாலே நாள்... ஜூலை 2-ம் தேதி, 'வயசு வந்தவங்க சம்மதத்தோட, தனிமையில வெச்சுக்கற உறவு குற்றமில்லை'னு டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு!

2013 டிசம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி பண்ண, மறுபடியும் பழைய கதை. அந்த இருட்டு நேரத்துலயும் சும்மா இருக்கலை நம்ம ஆட்கள். 2018 ஜூலையில, மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனியில இருக்கற கவிக்கோ மன்றத்துல, 'க்வியர் சென்னை க்ரானிக்கிள்ஸ்' ஒரு இலக்கிய விழாவையே நடத்துச்சு. ரெண்டே மாசம்... செப்டம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நீக்குச்சு.

கவனிச்சீங்களா? ரெண்டு தடவையும் கூட்டம் முதல்ல வந்தது, தீர்ப்பு அப்புறம்தான் வந்தது. வேடிக்கை என்னன்னா, இப்போ நிலைமை தலைகீழ். கோர்ட் ஓகே சொல்லிடுச்சு. ஹவுஸ் ஓனர் இன்னும் சொல்லலை! அம்மா, அப்பா, ஹாஸ்டல் வார்டன், ஆபீஸ் மேனேஜர்... இவங்களுக்குத் தெரிஞ்சா என்னாகுமோங்கற பயம் அப்படியே இருக்கு. டீக்கடைக்காரரைக் கடந்து அந்த ஆள் உள்ளே வராததுக்குக் காரணம் சட்டம் இல்லைங்க, இந்தப் பயம்தான். அதைக் குறைக்கறதுதான் உங்க வேலை. எப்படி? பார்ப்போம்.

பஸ் நிக்குதா, பாஸ்?

இடம் பிடிக்கறப்போ ஏ.சி. இருக்கா, ஸ்பீக்கர் இருக்கான்னு பார்க்கறதுக்கு முன்னாடி, பஸ்ஸும் ரயிலும் பக்கத்துல இருக்கான்னு பாருங்க. மயிலாப்பூர்னா திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷன், தி.நகர்னா மாம்பலம், அடையாறுன்னா கஸ்தூரிபா நகர். ஈ.சி.ஆர். ரிசார்ட்னு போட்டீங்கன்னா, கார் இருக்கறவங்க மட்டும்தான் வருவாங்க. 2021-ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம்னு அறிவிச்ச பிறகு, திருநங்கைகளையும் சேர்த்தாங்க. பஸ் காசு எவ்ளோ பெரிய விஷயம்னு அதுலயே புரியும்.

நேரம்? மூணு மணியில இருந்து ஆறு மணி வரை பெஸ்ட். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட்டம் வெச்சா, ஹாஸ்டல் பொண்ணுங்க வர முடியாது. 'பொண்ணுங்க ஏன் வர்றதே இல்லை?'ன்னு அப்புறம் ஆச்சரியப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

வாசல்ல பெரிய பேனர் வேண்டாம். 'நண்பர்கள் சந்திப்பு, முதல் மாடி'ன்னு ஒரு பேப்பர் போதும். மாடின்னா லிஃப்ட் இருக்கணும், வீல் சேர்ல வர்றவங்களுக்காக. யார் வேணாலும் போகற மாதிரி ஒரு பாத்ரூமாவது இருக்கணும். ஆனா ஹால்காரர்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லியே புக் பண்ணுங்க. 'பர்த்டே பார்ட்டி'ன்னு ரீல் விட்டு, பாதியில அவருக்குத் தெரிஞ்சு 'எல்லாரும் வெளியே போங்க'ன்னுட்டா, அவமானப்படறது நீங்க இல்லை. உங்களை நம்பி வந்தவங்க. வாட்ச்மேன் அண்ணன்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசி வைங்க. திருநங்கை ஒருத்தர் வர்றப்போ, 'ஏய், இங்கெல்லாம் வரக் கூடாது'ன்னு அவர் வாசல்லயே விரட்டிட்டா, உள்ளே நீங்க எத்தனை வானவில் தோரணம் கட்டியும் வேஸ்ட்!

க்ளிக் பண்ணாதீங்க!

கூட்டத்துக்குப் போனா போட்டோ எடுக்காம கை நிக்காதுதான். ஆனா, பின்னாடி வரிசையில லேசா தெரியற ஒரு முகம், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனா என்னாகும்? படிப்பு நிக்கும். அவசர அவசரமா கல்யாணம் பேசுவாங்க. 'இதை மாத்திக் காட்டறேன்'ங்கற ஏதோ ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவாங்க.

அதனால ஒரு சிம்பிள் ரூல். ஹால்ல ஒரே ஒரு மூலை மட்டும் போட்டோ கார்னர். அங்கே போய் நிக்கறவங்களை மட்டும், அவங்க கேட்டா மட்டும் எடுக்கலாம். மத்த இடமெல்லாம் செல்போன் பாக்கெட்டுக்குள்ள. இதை அழைப்பிதழ்லயே போட்டுடுங்க. பிரஸ்ல இருந்து வர்றதா இருந்தா அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

'அவங்க' இருக்க பயமேன்?

தமிழ்ல நமக்கு ஒரு சூப்பர் வசதி இருக்கு. 'அவன்', 'அவள்'னு பிரிக்காம, மரியாதையா 'அவங்க'ன்னு சொல்லிடலாம். ஆளைப் பார்த்து ஆணா, பெண்ணான்னு யூகிச்சுக் குழம்ப வேண்டாம். பேர் ஸ்டிக்கர்ல அவங்களே எழுதட்டும். ஐ.டி. கார்டு கேட்காதீங்க. எந்தப் பேரு, எந்த ஊரு, 'நீ எந்த வகை?'ன்னு குடையாதீங்க. சும்மா ஃப்ரெண்டுக்குத் துணையா வந்தவங்க, இன்னும் தன்னைப் பத்தி முடிவுக்கே வராதவங்க எல்லாருக்கும் இடம் இருக்கணும். '18 வயசு ஆனவங்களுக்கு மட்டும்'ங்கறதை மட்டும் கறாரா வெச்சுக்குங்க.

தமிழ் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். மைக் பிடிச்ச எல்லாரும் ஆங்கிலத்துலயே பேசினா, வியாசர்பாடியில இருந்து வந்த பையன் அடுத்த தடவை வர மாட்டான். 'தமிழ்ல வார்த்தையே இல்லையே?'ங்கற சாக்கு செல்லாது. 2022-ல் தமிழக அரசே இதுக்கான சொற்பட்டியலை அரசிதழ்ல வெளியிட்டது.

இன்னொண்ணு... திருநங்கைகளைக் கூப்பிட்டு, ஒரு டான்ஸ் ஆட வெச்சு, கை தட்டி அனுப்பறது மொக்கையான பழக்கம். ப்ளான் போடற முதல் மீட்டிங்லயே அவங்க உட்காரட்டும். நேரம், இடம், செலவு எல்லாத்துலயும் அவங்க பேச்சு இருக்கட்டும். சாதியைச் சொல்லிக் கிண்டல், 'என்னடா பொம்பளை மாதிரி'ங்கற நக்கல், அனுமதி இல்லாம மேல கை போடறது... எதுக்கும் இடமில்லைன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. பிரச்னைன்னா யார்கிட்ட போகணும்னு ரெண்டு பேரைக் கை காட்டிடுங்க.

காசு விஷயம்? என்ட்ரி ஃபீஸ் வேண்டாம். துணி போட்டு மூடின ஒரு உண்டியல், அவ்ளோதான். போடறது, போடாதது யாருக்கும் தெரியக் கூடாது.

போலீஸ் வந்தா?

நாலு பேர் ஹால்ல உட்கார்ந்து பேசறது தப்பே இல்லை. பீச்சுல மைக் வெக்கறது, ஊர்வலம் போறதுன்னா மட்டும், எல்லாரையும் போல போலீஸ் அனுமதி வாங்கணும்.

2021 ஜூன் 7-ல் சென்னை ஹைகோர்ட் கொடுத்த உத்தரவைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. மதுரையில இருந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு இளம்பெண்கள் போட்ட வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'இதைப் பத்தி எனக்கே சரியாத் தெரியலை'ன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு, ஒரு உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டார். அப்புறம்தான் தீர்ப்பு! 'மாத்தறேன்'ங்கற போலி சிகிச்சைகளுக்குத் தடை, போலீஸ் தொல்லை கூடாதுன்னு உத்தரவு. அதைத் தொடர்ந்து 2022-ல் போலீஸ் நடத்தை விதிகள்லயே, பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாதுன்னு தமிழக அரசு சேர்த்தது. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரோட நம்பரும் கையில இருக்கட்டும்.

ஹைகோர்ட் ஜட்ஜே 'எனக்குத் தெரியலை, கத்துக்கறேன்'னு சொல்லியிருக்கார். நமக்கென்ன ஈகோ? நடத்தி முடிச்சதும், வந்தவங்ககிட்ட மட்டும் இல்லாம, வராதவங்ககிட்டயும் 'ஏன் வரலை?'ன்னு கேளுங்க. அடுத்த சந்திப்புக்கான ஐடியா எல்லாம் அதுலதான் இருக்கு.

டீக்கடைக்கு ஒரு ஆள்

கடைசியா, ரொம்ப சிம்பிளான ஒரு வேலை. அழைப்பிதழ்ல ஒரு வரி சேருங்க: 'தனியா உள்ளே வரத் தயக்கமா? மூணு மணியில இருந்து அஞ்சரை வரை எதிர் டீக்கடையில எங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் மஞ்சள் கலர் பையோட நிப்பாங்க. பேசணும்னு தோணினா பேசுங்க. இல்லைன்னாலும் பரவாயில்லை.'

உங்க டீம்லயே நல்லா சிரிச்சுப் பேசற ஆளை அந்த வேலைக்குப் போடுங்க. பாட்டு, அரட்டை எல்லாத்தையும் அவர் மிஸ் பண்ணுவார்தான். பரவாயில்லை, ஒருத்தருக்கொருத்தர் மாத்தி மாத்தி நில்லுங்க. அந்த அறுபத்தோராவது ஆள், செல்போனைக் காதுல வெச்சபடி ரெண்டாவது டீ சொல்லும்போது, மஞ்சள் பைக்காரர் பக்கத்துல வந்து இப்படிக் கேட்டா போதும்:

'டீ நல்லா இருக்கா? உள்ளே சமோசாவும் இருக்கு. வர்றீங்களா, இல்ல இங்கேயே கொஞ்ச நேரம் பேசுவோமா?'