பாட்டிலுக்குள் ஓர் ஏரி



நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்ணைப் பார்த்தால் எவ்வளவு பாரம் தாங்கும் என்றுதான் யோசிப்பேன். அந்த மண்ணுக்கு உயிர் உண்டு என்று காட்டியவள் திருப்பதியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி.

விடுமுறைக்குச் சித்தூர் வந்தவள், "தாத்தா, ஏரிச் சேறு வேணும்" என்றாள். 1856இல் கீவ் நகரில் பிறந்த செர்கெய் வினோகிராட்ஸ்கி காட்டிய சோதனையாம். கந்தகப் பொருள்களிலிருந்தே சக்தி பெற்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு என்று 1887இல் எடுத்துச் சொன்னவர் அவர்.

சேற்றில் பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டோம். கந்தகத்துக்கு ஜிப்சம் தூள், கூடவே முட்டை ஓட்டுத் தூள். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்து, மேலே ஏரித் தண்ணீர் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்தோம். ஒன்று ஜன்னலோரம்; மற்றொன்று அலமாரிக்குள்.

இரண்டு வாரத்தில் இரண்டின் அடியிலும் கறுப்புத் திட்டுகள். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் ஜிப்சத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்ற, அது மண்ணின் இரும்போடு சேர்ந்து கறுத்தது. இரண்டு மாதத்தில் ஜன்னலோரப் பாட்டிலில் மேலே பாசிப் பச்சை, நடுவில் வாடாமல்லி நிறம். வெளிச்சத்தையும் அந்த வாயுவையும் கொண்டு பிழைக்கும் கூட்டம் அது. அலமாரிப் பாட்டிலிலோ கறுப்பு மட்டும்தான்.

மூடியைத் திறந்த பேத்தி, "அழுகின முட்டை நாத்தம் தாத்தா!" என்று மூக்கைப் பிடித்தாள். எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். "நாத்தம் போயிடுச்சு, இறங்குப்பா" என்று ஒருவரை இறக்கினேன். கம்பால் சேற்றைக் கிளறியதுமே அவர் தலை சாய்ந்தது. இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டோம். பிழைத்தார். நான் படித்த படிப்பு அன்று உதவவில்லை, கயிறுதான் உதவியது.

அதே வாயுதான். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். சேற்றைக் கிளறினால் அடைபட்டிருந்தது பொங்கி வரும். அளவு கூடினால் முதலில் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல. 2018 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்துப் பலமனேர் அருகே கழிவுத் தொட்டியில் ஏழு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் ஊரில் ஒரு பூர்வீக வீடு இருக்கும். தொட்டி நிறைந்துவிட்டது என்று போன் வந்தால், "உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்க, ஆளை இறக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். செலவு சற்றுக் கூடும், பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பாட்டில் சேறும் ஒரு ஜன்னலும் கொடுங்கள். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மற்றதைச் சேறே சொல்லிக்கொடுக்கும்.